மைசூர் பெயர் கொண்ட கொசுவும் வேப்பெண்ணெய்க் கணக்கும்

மழைக்காலம் ஆரம்பித்தால் நம் குடும்பங்களுக்குள் தவறாமல் ஒரு செய்தி சுற்றும். தேங்கிய தண்ணீரில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விடுங்கள், கொசுப்புழு எல்லாம் செத்துப்போகும், நம் முன்னோர்கள் இதைத்தான் செய்தார்கள், வெள்ளைக்காரன் வந்து மறக்கடித்துவிட்டான் என்று போகும் அந்தச் செய்தி. ஊரில் இருக்கும் சித்தப்பா அனுப்புவார். துபாயில் இருக்கும் மச்சான் அதையே மறுபடி அனுப்புவார்.

இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், கதையின் முக்கியமான திருப்பங்கள் பலவும் பழைய மைசூர் சமஸ்தானத்தைச் சுற்றியே நடந்திருக்கின்றன. வங்கி மாற்றலில் சில வருடம் மைசூரில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இதில் தனி ருசி.

ஒரு முன்குறிப்பு. நான் பி.காம். படித்தவன். பூச்சியியல் என் துறை இல்லை. ஆனால் எந்தக் கடன் விண்ணப்பம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. செலவு எவ்வளவு? எத்தனை நாள் தாங்கும்? பொறுப்பு யாருடையது? அதே மூன்று கேள்வியை எண்ணெய்க்கும் கொசுவுக்கும் கேட்டுப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

பெங்களூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கண்டுபிடித்தார். இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே வரும். ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே, 1880களில், அவர் இளம் ராணுவ மருத்துவராகப் பெங்களூரில் இருந்திருக்கிறார். அவருடைய பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், உள்ளே புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்துவிட்டது.

சந்தோஷமாகப் போய் ராணுவ அதிகாரியிடம், உணவு விடுதியைச் சுற்றியிருக்கும் தொட்டி, ஜாடிகளையும் இப்படிக் கவிழ்த்துவிடலாமே என்றிருக்கிறார். அந்த அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கடவுள் ஏதோ காரணத்துக்காகத்தான் கொசுவைப் படைத்திருக்கிறார், பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்கிற மாதிரி பதில். ராஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தில் எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு மனிதன் கையை நீட்டித் தொட்டியைக் கவிழ்த்தான், அவ்வளவுதான். பின்னால் வரும் எல்லாக் கதைகளையும் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஏன் வேலை செய்கிறது

கொசுப்புழு தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது மேலே இருக்கும் காற்றில். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்கள் வால்பக்கம் இருக்கும் குழாயை நீர்மட்டத்தில் நீட்டித் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை. அது நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். எப்படியிருந்தாலும் மேலே வந்தாக வேண்டும். நீர்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் மூச்சுத்துளைக்குள் எண்ணெய் ஏறிப் புழு சாகிறது.

அதாவது படலம் போட எண்ணெய் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஓரளவு வேலை செய்யும். மண்ணெண்ணெயும் செய்யும், நல்லெண்ணெயும் செய்யும். வித்தியாசம் பரவுவதிலும், நிலைப்பதிலும், விலையிலும்தான்.

1892இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் லேலண்ட் ஹோவர்ட் 60 சதுர அடிக் குட்டை ஒன்றில் 4 அவுன்ஸ் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். புழுக்கள் செத்தன. அடுத்த பத்து நாளைக்குப் புதிய புழுக்கள் தென்படவில்லை. 1904இல் அமெரிக்கர்கள் பனாமா கால்வாயைக் கையில் எடுத்தபோது வில்லியம் கோர்காஸ் இதையே பெரிய அளவில் செய்தார். சதுப்பு நிலங்களை வடித்தார், வடிக்க முடியாத இடத்தில் எண்ணெய் தெளித்தார். அங்கே தயாரித்த ஒரு புழுக்கொல்லியில் கார்பாலிக் அமிலம், காஸ்டிக் சோடா இவற்றோடு பைன் மரப் பிசினும் சேர்ந்தது. தாவரச் சரக்கு அப்போதே உள்ளே நுழைந்துவிட்டது.

நம் ஆமணக்கும் அப்படித்தான் நுழைந்தது. கனிம எண்ணெய் சில நேரம் தண்ணீரில் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விளக்கெண்ணெய் சேர்த்தால் படலம் சீராக விரியும். மலேரியா ஒழிப்பில் விளக்கெண்ணெய்க்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. கதாநாயகன் வேடம் இல்லை, துணை வேடம்.

மலேயாத் தோட்டங்களில் நம்மவர்கள்

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு இந்தப் பகுதி நெருக்கமானது. மலேயாவில் ரப்பர் தோட்டங்கள் பரவியபோது காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடும் தெளிந்த நீரில், வெயில் படும் இடத்தில் பெருகும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசுவுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் இருந்து கப்பலேறிப் போன தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள்.

கிள்ளான் பகுதியில் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் வடிகால் வேலையைத் தொடங்கினார். 1910களில் மலைச்சரிவுத் தோட்டங்களின் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதுகில் எண்ணெய் டப்பாவைச் சுமந்துகொண்டு வாரா வாரம் ஓடை ஓடையாக நடந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

ஏன் வாரா வாரம்? வெப்ப நாடுகளில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் போதும். எண்ணெய்ப் படலம் அதற்குள் காற்றில் ஒதுங்கும், மழையில் அடித்துப் போகும். ஒரு வாரம் தெளிக்காவிட்டால் அதுவரை செய்த செலவு எல்லாம் வீண். வாட்சனின் வெற்றியில் எண்ணெய்க்கு எவ்வளவு பங்கோ, அந்த வாரம் தவறாத கால்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. வாட்சன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. டப்பா சுமந்தவர்கள் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்திருக்கும்.

எண்ணெய் வித்து நாடு

இப்போது மைசூருக்கு வருவோம். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருடம், 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாடு முழுக்கச் சுற்றி, என்ன விளைகிறது, என்ன விலை என்று எழுதி வைத்தார். எள், ஆமணக்கு, கன்னடத்தில் ஹுச்செள்ளு என்று சொல்லும் பேயெள் எல்லாம் அவர் குறிப்பில் வருகின்றன. இவற்றோடு சாலையோரமெல்லாம் ஹொங்கே, நம் புங்க மரம். பேவு, நம் வேப்ப மரம். விளக்கெரிக்கப் புங்க எண்ணெயும் விளக்கெண்ணெயும், தோல் வியாதிக்கு வேப்பெண்ணெய்.

இவ்வளவு எண்ணெய் இருந்த நாட்டில், கொசுவுக்கு எதற்கு மண்ணெண்ணெய்? வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்பவர்களுக்கு என் பதில் ஒரு சின்னக் கணக்கு.

ஹோவர்ட் கணக்குப்படி 60 சதுர அடிக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆகவே ஒரு ஏக்கர் நீர்ப்பரப்புக்கு ஒரு தடவைக்குச் சுமார் 86 லிட்டர். வாரம் ஒரு தடவை என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 4,500 லிட்டர். இதை வேப்பெண்ணெயில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக ஐந்து கிலோ விதைக்கு ஒரு கிலோ எண்ணெய் என்று போட்டாலும் 20 டன்னுக்கு மேல் விதை வேண்டும். ஒரே ஒரு ஏக்கர் குட்டைக்கு! பொறுக்க ஆள், உலர்த்த இடம், செக்குக் கூலி எல்லாம் தனி. மண்ணெண்ணெயோ பீப்பாயில் வந்து இறங்கியது. விளக்கில் இருந்து நம் எண்ணெய்களை விரட்டியதும் அதே மண்ணெண்ணெய்தான். சதி எதுவும் தேவைப்படவில்லை. விலைப்பட்டியல் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எண்ணெய் வித்து என்பது சாப்பாடு, விளக்கு, சோப்பு, எரு. அதைக் குட்டையில் ஊற்ற எந்தக் குடியானவனுக்கும் மனசு வராது. முன்னோர்கள் குட்டையெல்லாம் வேப்பெண்ணெய் ஊற்றினார்கள் என்பதற்கு நான் படித்தவரை சான்று கண்ணில் படவில்லை. வேப்பிலைப் புகை போட்டார்கள், உடம்பில் எண்ணெய் பூசினார்கள். கொசு தண்ணீரில் பிறக்கிறது என்பதும் காய்ச்சலுக்கு அது காரணம் என்பதும் சேர்ந்து புரிந்தது ராஸுக்குப் பிறகுதானே.

மைசோரென்சிஸ்

கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜசாகர், 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. மாண்டியா பக்கம் இர்வின் கால்வாயில் (இன்றைய விஸ்வேஸ்வரய்யா கால்வாய்) தண்ணீர் ஓடியது. வறண்ட நிலம் கரும்பும் நெல்லும் ஆனது. கூடவே காய்ச்சலும் வந்தது. கசிவு நீரும் வயல் நீரும் கொசுவுக்குப் புது வீடு.

அப்போது மைசூர் அரசு அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையோடு சேர்ந்து மலேரியா ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. அறக்கட்டளையின் டபிள்யூ. சி. ஸ்வீட், மைசூர் சுகாதாரத் துறையின் பி. ஏ. ராவ் ஆகியோர் கிராமம் கிராமமாகக் கொசு பிடித்து, அறுத்துப் பார்த்து, எந்த இனம் நோயைச் சுமக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். எல்லாக் கொசுவையும் விரட்டாமல், குற்றவாளியை மட்டும் அடையாளம் கண்டு, அது முட்டையிடும் இடத்தில் மட்டும் செலவு செய்வது அவர்கள் திட்டம். எனக்கு இது மிகவும் பிடித்தது. நல்ல வங்கிக்காரன் புத்தி!

1937இல் ஸ்வீட்டும் ராவும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற கொசுவில் இரண்டு வகை இருப்பதாக எழுதினார்கள். முட்டையின் இரு பக்கமும் இருக்கும் மிதவையில் உள்ள வரிகளை எண்ணினால் தெரியும். வரி அதிகமாக இருப்பது நகரத்துக் கிணறு, தொட்டிகளில் வளரும் வகை. மலேரியாவைப் பரப்புவதில் கில்லாடி. வரி குறைவாக இருப்பது கிராமத்து வகை. பெரும்பாலும் மாட்டைக் கடிக்கும், ஆபத்து குறைவு. அந்தக் கிராமத்து வகைக்கு மைசோரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். மைசூர் பாக்கு, மைசூர் சில்க், மைசூர் சாண்டல் சோப்பு வரிசையில் மைசூர் கொசு!

அவர்கள் காலத்தில் புழுவுக்குப் பயன்பட்டவை எண்ணெயும், பாரிஸ் கிரீன் என்ற பச்சைப் பொடியும். இரண்டாவது செம்பும் ஆர்சனிக்கும் கலந்த விஷம். மண்தூளோடு கலந்து நீர்மேல் தூவினால் மேலே மேயும் அனோபிலிஸ் புழு தின்று சாகும். மூன்றாவது ஆயுதம் மீன். கம்பூசியா என்ற சின்ன மீன் 1928இல் இத்தாலியில் இருந்து பெங்களூருக்கு வந்தது. கப்பி மீன் அதற்கும் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஒரு முறை விட்டால் தானே பெருகித் தானே தின்னும். வாரக்கூலி கிடையாது.

பட்டுக்கோட்டையில் ஒரு பூ

காவிரியின் மேல்பக்கம் நடந்தது கீழ்பக்கமும் நடந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்ததும் பட்டுக்கோட்டைப் பகுதியில் புதுப் பாசனம் வந்தது, மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930களின் பிற்பகுதியில் அங்கே முகாமிட்டார். அவர் சோதித்தவற்றில் ஒன்று பைரெத்ரம். சாமந்திக் குடும்பத்துப் பூவின் சாறு. அதை மண்ணெண்ணெயில் கலந்து குடிசைக்குள் தெளித்தால் வளர்ந்த கொசு சாகும். செலவைச் சிக்கனமாக்கினால் ஏழைக் கிராமங்களுக்கும் கட்டுப்படியாகும் என்று காட்டினார்.

பைரெத்ரம் பிழைத்துக்கொண்டது. ஜப்பானில் 1890களில் அதிலிருந்து கொசுவத்தி செய்தார்கள். பின்னால் வேதியியலாளர்கள் அதன் மூலக்கூறைப் பார்த்துச் செயற்கையாகப் பைரெத்ராய்டுகளைச் செய்தார்கள். இன்று நம் வீட்டுச் சுவரில் செருகும் திரவ மருந்து, வலையில் ஏற்றும் மருந்து எல்லாம் அந்தப் பூவின் பேரப்பிள்ளைகள். ஒரு தாவரம் ஜெயிக்க வேண்டுமானால் அதைப் பொட்டலம் கட்டி, ஒரே தரத்தில், அளவோடு விற்க முடிய வேண்டும். பூவுக்கு அது நடந்தது. வேம்புக்கும் புங்கத்துக்கும் நடக்கவில்லை.

பிறகு டி.டி.டி. வந்தது. இன்றைய கர்நாடகத்தின் தார்வாட், கனரா மாவட்டங்கள் அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்தன. அங்கே 1946இல் டி. கே. விஸ்வநாதன் கிராமங்களில் டி.டி.டி. தெளித்துப் பெரிய வெற்றி கண்டார். சுதந்திரம் வந்தபோது வருடம் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது அன்றைய மதிப்பீடு. 1953இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1961இல் நோயாளிகள் சுமார் 50,000 ஆகக் குறைந்தார்கள். எண்ணெய் டப்பாவும் பாரிஸ் கிரீனும் பரணுக்குப் போயின. 1976இல் எண்ணிக்கை 64 லட்சம். கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது, நமக்கு மெத்தனம் பழகிவிட்டது.

கர்நாடகத்தில் ஒரு கூடுதல் சிக்கல். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் டி.டி.டி. தெளிக்க விடமாட்டார்கள். கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும், அந்த மாத வருமானம் போச்சு. அவர்கள் மறுத்ததில் தப்பே இல்லை. கோலார் பக்கத்துப் பட்டுக் கிராமங்களில் கடைசியில் கைகொடுத்தது பழைய மீன்தான். தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூர்ப் பிரிவு கிணறுகளில் கப்பி மீன் விட்டு மலேரியாவைக் கட்டுப்படுத்திய விவரம் 2005இல் வெளியானது. (கம்பூசியா உள்ளூர் மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்னும் என்பதால் ஆறு, ஏரியில் விடக்கூடாது. கப்பிக்கும் அதே எச்சரிக்கைதான்.)

வேம்பு திரும்பி வந்த கதை

வேப்பெண்ணெயை வேதியியல் கண்ணோடு பார்த்தவர்களில் முன்னோடி சலீமுஸ்ஸமான் சித்திகி. 1942இல் அதிலிருந்து நிம்பின் என்ற பொருளைப் பிரித்தார். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிட்டு வேப்பமரத்தை மட்டும் விட்டுப் போனதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் பார்த்தார். 1968இல் இங்கிலாந்தில் அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது.

அசாடிராக்டின் வேலை செய்யும் விதம் வேறு. அது புழுவின் வளர்ச்சிச் சுரப்பிகளைக் குழப்புகிறது. புழு தோலுரித்துக் கூட்டுப்புழுவாக முடியாமல் தவித்துச் சாகிறது. ஆகவே வேப்பெண்ணெயைப் படலமாக ஊற்றுவது வைரத்தை எடைக்கல்லாகப் பயன்படுத்துவது மாதிரி. தண்ணீரோடு கலக்கும் பால்மமாக்கினால் மிகக் குறைந்த அளவே போதும். ஹரித்வாரில் வி. கே. துவா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்குக்கும் குறைவான கலவையிலேயே பாதிப் புழுக்கள் செத்தன. ஸ்டீபன்சை, கியூலெக்ஸ், ஏடிஸ் மூன்றிலும் இதே நிலை. என் ஏக்கர் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் 1990களில் நெல் வயலில் வேப்பம் புண்ணாக்குப் பூசிய யூரியாவை இட்டு, விட்டு விட்டு நீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் புழுக்கள் குறைந்தன. உரச் செலவுக்குள்ளேயே கொசுக் கட்டுப்பாடும் வந்துவிடுகிறது என்பதால் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. 2015 முதல் இந்தியாவில் யூரியா முழுக்க வேம்பு பூசியே வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் கொசு இல்லை. உரம் வீணாவதையும் வேறு தொழிலுக்குத் திருடிப் போவதையும் தடுக்கத்தான்.

வேம்பின் காப்புரிமைச் சண்டையும் இதே காலம். வேப்பெண்ணெயைப் பயிர்ப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த உரிமையை எதிர்த்து வந்தனா சிவா முதலியோர் வழக்காடினார்கள். 2000இல் ரத்தானது, 2005இல் மேல்முறையீடும் தோற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெருமைப்பட்ட கையோடு யாராவது மலிவான, தரம் மாறாத புழுக்கொல்லியைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்தோமா? நகராட்சிச் சாக்கடையில் தெளிக்கும் கொசு எண்ணெய் இன்றும் பெட்ரோலிய எண்ணெய்தான்.

இயற்கை என்றால் சாது இல்லை

அசாடிராக்டின் வெயிலில் சில நாளிலேயே சிதைந்துவிடும். மண்ணுக்கு நல்லது, ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கடையில் வாங்கும் வேப்பெண்ணெயில் அது எவ்வளவு இருக்கிறது என்பது விதை, உலர்த்தல், பிழிதல் என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். புங்க விதை ஒரு காலத்தில் மீன்பிடிக்கும் விஷமாகவே பயன்பட்டது. கிணற்றில் கப்பி மீனையும் விட்டு எண்ணெயையும் ஊற்றினால் முதலில் சாவது மீன்.

இதைவிட முக்கியமான ஒன்று. 1981இல் மலேசிய மருத்துவர்கள் லான்செட் இதழில் 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மருந்தென்று நம்பி வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பச்சைக் குழந்தைகள். வாந்தி, மயக்கம், வலிப்பு. கைவைத்தியம் என்று நினைத்துக் கொடுத்த வீடுகள் அவை. குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் வேப்பெண்ணெய் விடச் சொல்லும் செய்தியைப் பார்த்தால் எனக்கு அந்த 13 என்ற எண் ஞாபகம் வருகிறது. தயவு செய்து குடிநீரில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

பூட்டிய வீடு

இதெல்லாம் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது.

ஊரில் நம் வீடு பூட்டிக் கிடக்கிறது. மொட்டை மாடியில் ஒரு தொட்டி, தரைக்கடியில் ஒரு சம்ப், பாத்ரூமில் ஃபிளஷ் தொட்டி. வருடத்தில் பதினொரு மாதம் யாரும் தொடுவதில்லை. ஸ்டீபன்சையின் நகரத்து வகைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அது 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த அதே வருடம்! டெங்கு பரப்பும் ஏடிஸுக்கும் வீட்டுத் தண்ணீரே இஷ்டம். 2024 டெங்கு அலைக்குப் பிறகு கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு வளர விடும் வீடுகளுக்கு நகரத்தில் 400 ரூபாய், கிராமத்தில் 200 ரூபாய் அபராதம் என்று வைத்தது. அபராதம் சின்னது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சல் சின்னது இல்லை.

ஆகவே ஊருக்குப் போய்த் திரும்பும்போது, வீட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டியவை:

மாடித் தொட்டியையும் சம்பையும் முழுக்கக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். தொட்டியின் காற்றுக்குழாய், நிரம்பி வழியும் குழாய் இரண்டின் வாயிலும் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள். ஃபிளஷ் தொட்டியைக் காலி செய்து தண்ணீர்க் குழாயை அடையுங்கள். காலியாக்க முடியாத கிணறு இருந்தால், வெளியே ஓடாத கிணறாக இருந்தால், சுகாதார நிலையத்தில் கேட்டு மீன் விடுங்கள்.

கடைசியாக எண்ணெய். குளியலறைத் தரையில் ஜாலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதை வடிக்கவும் முடியாது, வடித்தால் சாக்கடை நாற்றம் ஏறும். அங்கே இரண்டு கரண்டி வேப்பெண்ணெயோ புங்க எண்ணெயோ, எதுவும் இல்லையென்றால் சமையல் எண்ணெயோ ஊற்றிவிட்டுப் போங்கள். அங்கே வெயில் இல்லை, ஓட்டம் இல்லை, குடிப்பவர் இல்லை, மீன் இல்லை. படலம் கலையாமல் நிற்கும், தண்ணீர் ஆவியாவதும் குறையும். நூறு வருடமாக ஏக்கர் கணக்கில் தோற்ற தாவர எண்ணெய்க்கு லாபக் கணக்கு வரும் இடம் இந்த ஒரு சாண் குழிதான்.

வீட்டில் அப்பா அம்மா இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகு, இந்த வாரம் தொட்டி, பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் கவிழ்த்தாச்சா என்று கேளுங்கள். வயதானவர்களுக்குக் குனிய முடியாவிட்டால் ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். மலேயாத் தோட்டத்தில் டப்பா சுமந்து நடந்தவர்கள் வாரம் தவறியதில்லை. நாமும் ஒரு போன் காலைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.